ஜோகுபாளையம் மொட்டை மாடியில் காய்ந்த கைப்பட்டை

டிசம்பர் மாதம், 2007. சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஐந்து நாள் போய் வந்தேன். லால்பாக், கப்பன் பார்க் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இரண்டையும் ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடிகூட நான் பார்க்கவில்லை. ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு வந்த உஸ்பெகிஸ்தான் பெண்கள் நான்கு பேருக்கும் அவர்களுடைய பயிற்சியாளருக்கும் மொழிபெயர்ப்பாளராகப் போனேன். பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போகிறவர்களுக்கும், வெளிநாட்டு அணியோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கும் இந்தப் பதிவு உதவலாம். குறைந்தபட்சம் நான் செய்ததைச் செய்யாமல் இருக்க உதவும்.

அவர்களோடு பேசியது ரஷ்ய மொழியில். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1988 முதல் 1993 வரை அவர்கள் நாட்டுத் தலைநகர் டாஷ்கண்டில் இன்ஜினியரிங் படித்தேன். நடுவில் 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. ஸ்டைபண்ட் வருமா, பட்டம் செல்லுமா என்று இரண்டு வருஷம் பயந்துகொண்டே படித்து முடித்தேன். பயப்படுவது எனக்கு அப்போதிருந்தே நன்றாகப் பழகிவிட்டது. சேலம் வந்து பம்ப் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்த பிறகு ரஷ்ய மொழி பேச ஆள் கிடையாது. குளிக்கும்போது எனக்கு நானே பேசிக்கொள்வேன். சோப்புக்கும் எனக்கும் அவ்வளவு நெருக்கம் என்பாள் என் மனைவி. வீட்டில் கைப்பிடித் துணியிலிருந்து கதவுக் கைப்பிடி வரை கழுவுகிற ஆள் நான்தான்.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் என் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அண்ணியின் தம்பி கோபி, அந்தப் போட்டியை நடத்தும் குழுவில் ஒருவன். ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர் கடைசி நேரத்தில் வரவில்லை என்று செவ்வாய்க்கிழமை போன் செய்தான். “அண்ணா, அவங்களுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. நாலு நாள் லீவு போட்டுட்டு வந்துடுங்கண்ணா, ப்ளீஸ்” என்றான். பதினான்கு வருஷமாகக் குளியலறையைத் தாண்டாத மொழியை வைத்துக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் அரசுப் பேருந்து. ஏறக்குறைய 200 கிலோமீட்டர், டிக்கெட் 92 ரூபாய். தொப்பூர் வரை தூக்கம், தர்மபுரியில் டீ, ஓசூரைத் தாண்டியதும் நெரிசல். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் மேம்பால வேலை நடப்பதால் பஸ் நகர்ந்ததை விட நின்றதுதான் அதிகம். மடிவாளாவில் இறங்கும்போது மணி 10.50. அங்கிருந்து ஜோகுபாளையம் எட்டு கிலோமீட்டர், ஆட்டோ மீட்டரில் 51 ரூபாய். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வராதீர்கள், ஒரு மணி நேரம் வீண்.

“ஊட்டா ஆச்சா சேகர்?” என்று அண்ணி கதவைத் திறந்ததுமே கேட்டார். அண்ணி பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூர்தான். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், ஊட்டா என்றால் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வசந்த நகரில் அணி தங்கியிருந்த விருந்தினர் விடுதிக்குப் போனேன். ஆறு கிலோமீட்டர், நாற்பது நிமிஷம்.

பயிற்சியாளர் பெயர் நர்கிஸா. ஐம்பது வயதிருக்கும். பெண்கள் அவரை ‘ஓபா’ என்று கூப்பிட்டார்கள், அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் பேசிய முதல் வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, “உங்கள் ரஷ்ய மொழி பழைய செய்தித்தாள் மாதிரி இருக்கிறது, ஆனால் புரிகிறது” என்றார். பெண்களில் சின்னவள் தில்னோசா. என்னை ‘அமாகி’ என்றாள், நம் ஊர்ச் சித்தப்பா. இந்தக் கதை அவளைப் பற்றியதுதான்.

வியாழக்கிழமை காலை பயிற்சி முடிந்து திரும்பும்போது குயின்ஸ் ரோட்டில் வேன் ஐம்பது நிமிஷம் நின்றது. பக்கத்து சீட்டில் தில்னோசா. பேச்சுக் கொடுத்தேன். அவள் பிறந்தது 1991, சொந்த ஊர் மார்கிலான். டாஷ்கண்டிலிருந்து மலை தாண்டி ஆறு மணி நேரம். அம்மா பட்டு ஆலையில் வேலை செய்கிறார். ஐந்து வயதில் பாலர் பள்ளிக்கு வந்த ஒருவர் எல்லாக் குழந்தைகளையும் ஒரு கம்பியில் தொங்கச் சொன்னாராம். மற்ற குழந்தைகள் எல்லாம் விழுந்த பிறகும் இவள் தொங்கிக்கொண்டே இருந்தாளாம். அப்படித் தொடங்கியது. ஒன்பது வயதில் டாஷ்கண்ட் விளையாட்டுப் பள்ளி விடுதி. பதின்மூன்றில் முதல் வெளிநாட்டுப் போட்டி, பஸ்ஸில் வாந்தி, இருபதாவது இடம். பதினான்கில் சிறுவர் பிரிவில் வெள்ளி. பதினைந்தில் கம்பியிலிருந்து விழுந்து முழங்கை உடைந்து எட்டு மாதம் சும்மா இருந்தாள்.

“இப்போது பதினாறு. பெரியவர்கள் பிரிவில் இதுதான் முதல் போட்டி” என்றாள். நாட்டு அணியில் ஓர் இடம் காலி. அது இவளுக்கா, கூட வந்திருக்கும் ஃபெருஸாவுக்கா என்பதைப் பெங்களூரில் செய்வதை வைத்து முடிவு செய்யப் போகிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் விடுதிப் படுக்கையும் போய்விடும், மார்கிலானுக்குத் திரும்ப வேண்டியதுதான். அவளுடைய பலம் முழுக்க ‘பார்ஸ்’. ஒன்று உயரத்திலும் ஒன்று தாழ்விலும் இருக்கும் இரட்டைக் கம்பி, சுழன்று, கையை விட்டுப் பறந்து, மறுபடி பிடிக்க வேண்டும். அந்தப் போட்டி சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. இதையெல்லாம் சொல்லும்போது அவள் உள்ளங்கையின் தடித்த தோலை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

விடுதியில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வந்தது. துணி துவைக்க வழியில்லை. “நாளைக்குள் பயிற்சி உடைகள் துவைத்து வேண்டும், பக்கத்தில் லாண்டரி இருக்கிறதா?” என்று ஓபா கேட்டார். லாண்டரியில் மூன்று நாள் ஆகும். நான் இருக்கும்போது எதற்கு லாண்டரி? எங்கள் அண்ணி வீட்டில் மிஷின் இருக்கிறது, கொடுங்கள் என்று நானே வாங்கிக்கொண்டேன். வியாழன் மாலை ஆறு மணிக்கு நான்கு பைகளோடு ஜோகுபாளையம் வந்து சேர்ந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு மிஷினில் துணியைப் போடும்போது தில்னோசாவின் துண்டுக்குள் சுருட்டிய ஒரு ஜோடி தோல்பட்டை கிடைத்தது. உள்ளங்கை அளவு, விரல் நுழைக்க இரண்டு ஓட்டை, ஓட்டைக்குக் கீழே ஒரு சின்னக் குச்சி, மணிக்கட்டில் கட்ட ஒரு பக்கிள். மேலெல்லாம் வெள்ளைப் பொருக்கு, உள்ளே வேர்வை ஏறிக் கறுத்து, வாடை வேறு. பயிற்சியில் தூரத்திலிருந்து பார்த்தபோது, முழங்கை உடைந்த பெண்ணாயிற்றே, ஏதோ ஆதரவுக்குக் கட்டியிருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த அழுக்கையா கையில் கட்டிக்கொள்கிறாள் என்று எனக்கு மனசு தாங்கவில்லை.

ஒரு பக்கெட் வெந்நீர், துணி சோப்பு, பழைய டூத் பிரஷ். இருபது நிமிஷம் தேய்த்தேன். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஓடியது. மூன்று முறை அலசிய பிறகு உண்மையான தோல் நிறம் வந்தது. உள்பக்கம் பேனாவால் எழுதியிருந்த அவள் பெயரும் போய்விட்டது, அதை நானே மறுபடி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மொட்டை மாடிக் கொடியில் நன்றாக வெயில் படும் இடமாகப் பார்த்து கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். காபி கொண்டு வந்த அண்ணி, “அது என்னது, செருப்பு வாரா?” என்று கேட்டார். “கைக்குப் போடற பட்டை அண்ணி. பாருங்க, புதுசு மாதிரி ஆயிடுச்சு” என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

பத்து மணிக்குத் துவைத்த துணிகளோடு விடுதிக்குப் போனேன். பட்டை இன்னும் ஈரமாக இருந்ததால் கொடியிலேயே விட்டுவிட்டேன், மாலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று. முதல் மாடி வராந்தாவில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். தில்னோசா அழுது முடித்த முகத்தோடு சுவர் ஓரம். கோபி போனில். நடுவில் ரத்னம்மா, அந்த மாடியைப் பெருக்கித் துடைக்கும் அம்மா. ஸ்ரீராம்புரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர், ஒப்பந்தக் கூலி.

ஓபா என் கையைப் பிடித்து இழுத்தார். “நல்ல நேரத்தில் வந்தீர்கள். இவளுடைய கைப்பட்டையைக் காணோம். நேற்று பயிற்சி முடிந்து வந்ததும் படுக்கை மேல் வைத்ததாகச் சொல்கிறாள். காலையில் அறைக்குள் வந்தது இந்தப் பெண் ஒருத்திதான். எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அதை வைத்து இந்தப் பெண்ணால் எதுவும் செய்ய முடியாது, எங்களுக்கு அது இல்லாமல் எதுவுமே முடியாது.”

கைப்பட்டை என்றால் என்ன என்று கேட்டேன், நேரம் கடத்தத்தான். அவர் சொன்னார். பறந்து வந்து கம்பியைப் பிடிக்கும்போது அந்தக் குச்சி மேல் தோல் மடிந்து கம்பியைக் கவ்விக்கொள்ளும். புதுப் பட்டை கையோடு பழக மாதக்கணக்கில் ஆகும். வேர்வையும் கையில் பூசும் வெள்ளைத் தூளும் ஏற ஏறத்தான் பிடி வரும். பட்டையை எந்தப் பெண்ணும் கையை விட்டு அகல விடமாட்டாள், தண்ணீர் கிட்டவே கொண்டு போக மாட்டாள்.

எல்லாம் புரிந்துவிட்டது. அப்புறம் நான் செய்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரத்னம்மாவைப் பார்த்து மொழிபெயர்த்தேன்.

“அந்தப் பொண்ணோட கைப்பட்டையைக் காணோமாம். எடுத்திருந்தா குடுத்துடுங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டாங்களாம்.”

“ஐயோ, இன்னா சார் இது! நான் பெருக்கித் தொடச்சிட்டு வெளிய வந்துட்டேன். பாப்பாங்க ஜாமான் எதையும் தொடவே மாட்டேன் சார். பதினோரு வருசமா இங்க வேல செய்றேன், ஒரு ஊக்கு காணோம்னு யாருன்னா சொல்லியிருக்காங்களா, கேட்டுப் பாருங்க.”

அதை அப்படியே ரஷ்ய மொழியில் சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை, நல்ல மொழிபெயர்ப்பு. கோபி போனை மூடிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னான். “இன்னிக்கு ரெண்டு மணி பிராக்டீஸுக்குள்ள கெடைக்கலன்னா நாளையிலருந்து வேற ஆளைப் போடச் சொல்லிட்டேன்ணா. பெரிய கம்ப்ளெய்ண்ட் ஆயிடும்.” நான் தலையாட்டினேன். பிறகு அவசர வேலை, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

திட்டம் எளிது. பட்டையை எடுத்து வந்து யாரும் பார்க்காதபோது தில்னோசாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். யாராவது கண்டெடுப்பார்கள். ரத்னம்மா வேலை போகாது, என் மானமும் போகாது. ஆட்டோவில் ஏறியதும் டிரைவரிடம் சீக்கிரம் போங்கள் என்று நான்கு முறை சொல்லிவிட்டேன். “பேஜார் பண்ணாதீங்க சார், எம்.ஜி. ரோடு பக்கம் மெட்ரோக்கு நோண்டிப் போட்டிருக்கான். அல்சூர் ஏரி பக்கமா சுத்திட்டுப் போறேன், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்றார். சுற்றுவழியில் ஏழரை கிலோமீட்டர், 45 ரூபாய், முப்பத்தைந்து நிமிஷம். அத்தனை நிமிஷமும் மாடியில் இருப்பது இன்னும் ஈரமாகவே இருக்க வேண்டும், காயாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

டிசம்பர் வெயில் மிதமாக இருக்கும் என்று யார் சொன்னது? பட்டை பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்து, ஓரம் சுருண்டு, வெளிறிப் போயிருந்தது. குச்சியைச் சுற்றி இருந்த மடிப்பு நிமிர்ந்துவிட்டது. அண்ணி மேலே வந்து பார்த்தார். “கொஞ்சம் தேங்கா எண்ண தடவிப் பாரு சேகர், தோலு மெத்துனு ஆயிடும்” என்று கிண்ணத்தை நீட்டினார். நானும் ஒன்றில் தடவிவிட்டேன். தடவி முடித்த பிறகுதான், இதைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் கம்பியில் தொங்க வேண்டும் என்பது உறைத்தது. ஒன்று விறகு, இன்னொன்று வழுக்கல். மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இனி இதைக் கட்டிலுக்கு அடியில் போட்டால் யாரும் ஏமாறமாட்டார்கள். என்னை உண்மையைச் சொல்ல வைத்தது தைரியம் இல்லை, வேறு வழி இல்லாமை. அப்படியும் திரும்பும் வழியில் கோபியிடம் மட்டும் சொல்லி அவனை விட்டே சொல்லச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

விடுதிப் படிக்கட்டில் ரத்னம்மா உட்கார்ந்திருந்தார். தன் பையைத் தரையில் கவிழ்த்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வரிசையாக வைத்திருந்தார். டிபன் பாக்ஸ், சீப்பு, பஸ் பாஸ், மடித்த ஒரு புடவை, ஒரு மாத்திரை அட்டை. போகிற வருகிற எல்லோரும் பார்க்கட்டும் என்று. என்னைப் பார்த்ததும், “நீங்களே பாத்துக்கங்க சார்” என்றார்.

“அம்மா, நீங்க எடுக்கல. அது என்கிட்டதான் இருக்கு. துணியோட வந்துடுச்சு, நான்தான் தொவச்சேன்” என்றேன். கையில் இருந்ததைக் காட்டினேன்.

அவர் பட்டையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “நீங்கதானே சார் என்னைக் கேட்டீங்க?” என்றார். சாமான்களை மறுபடி பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தார். உதவி செய்யக் குனிந்தேன், பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிறகு மாடியில் அதையே ரஷ்ய மொழியில் சொன்னேன். ஓபா பட்டையை வாங்கி மெதுவாக வளைத்தார். மடிப்பு இருந்த இடத்தில் ஒரு விரிசல் ஓடியது.

“துவைத்தீர்களா?”

“ஆமாம்.”

“சோப்பு போட்டா?”

“ஆமாம். வெந்நீரில்.”

இன்னொரு முறை கேட்டார், நான் இன்னொரு முறை சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தில்னோசா பக்கம் திரும்பினார். படுக்கை மேல் வைத்ததாகச் சொன்னாயே, அது எப்படித் துண்டுக்குள் போனது, பட்டையைக் கையை விட்டதற்கு உன்னை என்ன செய்வது என்று உஸ்பெக்கில் பொரிந்து தள்ளினார். எனக்கு உஸ்பெக் அரைகுறை, ஆனால் அந்த அளவுக்குப் புரிந்தது. என் தப்புக்கு அவள் திட்டு வாங்கினாள். நடுவில் புகுந்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். “உங்கள் தப்பு வேறு, அவள் தப்பு வேறு” என்றார் ஓபா.

இரண்டு மணிப் பயிற்சியில் ஃபெருஸா தன் மாற்று ஜோடியைக் கொடுத்தாள். இடத்துக்குப் போட்டியிடுகிறவள், கேட்காமலேயே கொடுத்தாள். ஆனால் அவள் கை பெரியது. முதல் சுழற்சியிலேயே தில்னோசாவின் விரல்கள் ஓட்டையிலிருந்து நழுவ, அவள் மெத்தையில் விழுந்தாள். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை பட்டையைக் கழற்றிவிட்டு வெறும் கையில் தூளைப் பூசிக்கொண்டு ஏறினாள். பத்து வயது வரை வெறும் கையில்தான் பழகினாளாம், ஆனால் அப்போது அவள் எடை இருபத்தைந்து கிலோ. ஆறு சுழற்சியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. பறந்து பிடிக்கும் பகுதியை எடுத்துவிட்டு எளிதாகச் செய்யலாம் என்றார் ஓபா. எடுத்துவிட்டால் ஃபெருஸாவை எட்ட முடியாது. எடுக்கமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று மாலை நான் எதுவும் சாப்பிடவில்லை. அண்ணி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டார்.

சனிக்கிழமை. உள்ளரங்கம் நகரின் நடுவில், ஜோகுபாளையத்திலிருந்து ஐந்தரை கிலோமீட்டர். பார்வையாளர்களுக்கு டிக்கெட் கிடையாது. பார்ஸ் பார்க்க வேண்டுமென்றால் நுழைவாயிலுக்கு எதிர்ப்பக்கம், ஐந்தாவது வரிசைக்கு மேல் உட்காருங்கள், கீழே இருந்தால் நடுவர் மேசை மறைக்கும். நான் அணியோடு கீழேயே இருந்தேன். ஃபெருஸா முதலில் ஏறிச் சுத்தமாகச் செய்து இறங்கினாள். ஏழாவதாகத் தில்னோசா.

தூள் பெட்டியில் வெறும் கையை அவ்வளவு நேரம் தேய்த்தாள், தொடங்கச் சொல்லும் விளக்கை நடுவர் இரண்டாவது முறை காட்டும் வரை. ஏறினாள். தாழ்ந்த கம்பியில் ஒரு சுழற்சி, உயரக் கம்பிக்குத் தாவல், நேராகத் தலைகீழாக நின்று மறுபடி சுழற்சி. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். விட்டாள். பறந்தாள். இடது கை கம்பியைப் பிடித்தது, வலது கையில் இரண்டு விரல்தான் பட்டது. விழவில்லை. உடம்பு கோணி, ஒரு கையில் தொங்கி, வலது கையை மேலே கொண்டு வந்து சேர்த்தாள். ஆனால் வேகம் போய்விட்டது. அதை மீட்க ஒரு சுற்று கூடுதலாக ஆட வேண்டியிருந்தது. இந்த விளையாட்டில் தேவையில்லாத ஓர் ஆட்டத்துக்கும் மதிப்பெண் பிடிப்பார்கள். கடைசிவரை செய்து, இறங்கும்போது ஒரே ஓர் அடி பின்னால் வைத்து நின்றாள்.

கையைத் தூக்கி நடுவர்களுக்கு வணக்கம் சொல்லும்போது வலது உள்ளங்கையில் தோல் உரிந்து தொங்கியது தெரிந்தது. நான்காவது இடம். ஃபெருஸா முதல். கூட்டம் கைதட்டியது, நல்ல கூட்டம்தான், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தில்னோசா என்னைக் கடந்து போய் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் துவைத்த துண்டு. அவளிடம் போய் என்ன சொல்வது என்று பத்து நிமிஷம் யோசித்தேன், போகவில்லை.

ரத்னம்மா அன்று வேலைக்கு வந்திருந்தார், கோபி ஆளை மாற்றவில்லை. விடுதியில் எதிரே வந்தபோது கும்பிட்டேன். “இருக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தார். அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் அவர் இடத்தில் இருந்தால் மன்னித்திருக்க மாட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஏர்போர்ட், டில்லி வழியாக டாஷ்கண்ட். பைகளை உள்ளே அனுப்பிய பிறகு ஓபா ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். “நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தேர்வுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதுங்கள். சோப்பு, வெந்நீர், எண்ணெய், எதையும் விடாதீர்கள்.” டிராலி மேல் தாளை வைத்து எழுதினேன். பதினான்கு வருஷத்தில் ரஷ்ய மொழியில் நான் எழுதிய முதல் கடிதம் அதுதான். தில்னோசா கையில் கட்டோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். போய் வருகிறேன் என்று மற்ற மூன்று பேர்தான் சொன்னார்கள்.

இனி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சேலத்திலிருந்து வருகிறவர்கள் ஐந்தரை பஸ்ஸைத் தவறவிட்டால் அரைநாள் போய்விடும். வசந்த நகரிலிருந்து எங்கே போவதானாலும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். மீட்டர் போட மறுக்கும் ஆட்டோவில் ஏறாதீர்கள், அடுத்தது வந்துவிடும். விடுதி எடுக்கும் முன் அறை எப்படி என்று கேட்காமல் தண்ணீர் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். விளையாட்டுக்காரர்கள் பையில் அழுக்காக எது இருந்தாலும் அது அழுக்கு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், கேளுங்கள். கேட்காமல் உதவி செய்வதில் என்னை மாதிரி ஆட்களுக்கு ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்கு இந்த முறை வேறொருத்தி விலை கொடுத்தாள். தப்பு செய்துவிட்டால் முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் எடுத்துக்கொண்ட ஒன்றரை மணி நேரத்தில் ஓர் அம்மா தன் பையைத் தரையில் கொட்ட வேண்டியதாயிற்று.

அதன் பிறகு மூன்று வாரம் தினமும் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக மெயில் பார்த்தேன். நேற்றுத்தான் ஓபாவிடமிருந்து வந்தது. இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம். ஏப்ரலில் இருவருக்கும் மறுபடி தேர்வு, அதுவரை தில்னோசாவின் விடுதிப் படுக்கை அவளுக்கே. புதுப் பட்டை கட்டிப் பழக ஆரம்பித்திருக்கிறாள். தேர்வுக் குழுவில் என் கடிதத்தை உரக்கப் படித்தார்களாம். சோப்பு என்ற இடம் வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அந்த இந்தியர் என்ன முட்டாளா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அதற்குத் தில்னோசா எழுந்து, “இல்லை. என் அம்மாவாக இருந்தாலும் துவைத்துத்தான் போட்டிருப்பாள்” என்றாளாம்.